அண்ணியின் லாரியில் ஒரு கோப்பைக் காது

என் அண்ணி லாரி ஓட்டுகிறார். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி ஏற்றி, புது வீட்டில் இறக்கிப் பிரித்து வைக்கிற கம்பெனி ஒன்றில் எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் சமையல்காரர். "உங்க வீட்ல எல்லாமே தலைகீழா இருக்கே" என்று யாராவது சொன்னால் அண்ணிக்குச் சிரிப்பு வரும், எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் எதுவும் பெரிதாகத் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

அண்ணி குள்ளம். ஓட்டுநர் இருக்கையில் தலையணை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். லாரியைப் பின்னால் எடுக்கும்போது விசில் அடித்துக்கொண்டே எடுப்பார். விசில் நின்றால் ஏதோ இடிக்கப்போகிறது என்று நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம். பீரோவைத் தூக்கும்போது நான் முக்கி முனகினால், "என்ன தம்பி, பிரசவ வலியா?" என்று கேட்பார். சிரித்துத் தொலைத்தால் பிடி நழுவும், ஆகையால் உதட்டைக் கடித்துக்கொண்டு படி ஏறுவேன்.

அந்த லாரியில் ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருக்கும். அதில் உடைந்த துண்டுகள் வரிசையாகத் தொங்கும். ஒரு தேநீர்க் கெண்டியின் மூக்கு, ஒரு பூச்சாடியின் விளிம்பு, ஒரு கண்ணாடிச் சில்லு, இன்னும் என்னென்னவோ. எல்லாம் முனை தேய்த்து வழவழப்பாக்கியவை. எங்கள் தொழிலில் புதிதாக வந்தவன் முதல்முதலாக எதை உடைக்கிறானோ, அதில் ஒரு துண்டு அந்தக் கயிற்றில் ஏறும். குழுவில் மூத்த கை முடிச்சுப் போட வேண்டும், உடைத்தவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். சாமானுக்கான நஷ்டத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், கேலியை மட்டும் உடைத்தவன் வாங்கிக்கொள்ள வேண்டும். "உடைக்காதவன் இன்னும் வேலைக்குச் சேரலை" என்பது எங்கள் ஆட்கள் சொல்லும் சொல்.

அந்தக் கண்ணாடிச் சில்லு என்னுடையது. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு குறுகிய மாடிப்படியில் ஆளுயரக் கண்ணாடியோடு திரும்பினேன். நான் திரும்பினேன், கண்ணாடி திரும்பவில்லை. சத்தம் கேட்டு அடுத்த வீட்டு நாய் அரை மணி நேரம் குரைத்தது. முதலாளி வந்து பார்த்தார். என் முதுகைத் தட்டி, "நம்ம பையன், போகப் போகக் கத்துக்குவான்" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. முதலாளியின் அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நெட்டையண்ணன். எனக்கு ஏழெட்டு மாதம் முன்பே வேலைக்கு வந்தவர், வயதிலும் மூத்தவர். கடல் தாண்டி வேறு நாட்டிலிருந்து வந்தவர். வேறு முகம், வேறு முடி, எங்கள் யாரையும்விட அடர்ந்த கறுப்பு. எங்கள் கூட்டத்தில் பால் வெள்ளை யாரும் இல்லை, நிலக்கரிக்கும் எங்களுக்கும் தூரம் ரொம்ப இல்லை. ஆனாலும் கறுப்பிலேயே மேல் கறுப்பு, கீழ்க் கறுப்பு என்று தரம் பிரிக்கிற சாமர்த்தியம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. முதலாளிக்கு அந்தச் சாமர்த்தியம் கொஞ்சம் கூடுதல். மனுஷர் முகம் பார்க்கிற கண்ணாடி பக்கம் போவதில்லை போலும்.

நெட்டையண்ணன் தமிழ் கற்றுக்கொண்டது எங்களிடம்தான். ஆகையால் அவருடைய தமிழ் முழுக்கச் சாமான் தூக்குகிற தமிழ். டீக்கடையில் போய், "ஒரு டீ, மெல்ல இறக்கு" என்பார். தூக்கம் வந்தால், "நான் சாயுறேன், முட்டுக் கொடு" என்பார். கடைக்காரர் முதலில் மிரண்டார், பிறகு அவரே மற்றவர்களுக்கும் "மெல்ல இறக்குறேன்" என்று சொல்லித்தான் டீ கொடுத்தார்.

அவருக்கு ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும். அவர் கிளம்பியபோது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தினமும் சாப்பாட்டு வேளையில் போனில் அவளைக் கூப்பிடுவார். விழுந்த பல்லைக் காட்டுவாள், இவர் பயந்ததுபோல் நடிப்பார். அவர்களை இங்கே அழைத்துக்கொள்ள வேண்டுமானால் இவருக்கு வேலை நிரந்தரம் என்று கம்பெனி எழுதித்தர வேண்டும். இல்லாவிட்டால் வருஷம் முடிந்ததும் இவரே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அண்ணி எங்கள் குழுவுக்குப் பொறுப்பேற்றது அந்தச் சமயத்தில்தான். அதுவரை கம்பெனியின் இன்னொரு குழுவில் இருந்தார், ஆரம்பத்தில் வேலை கற்றது மட்டும் எங்கள் லாரியில். முன்பு இருந்த தலைவர் முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வந்த இரண்டாம் நாளே அண்ணி முதலாளியிடம் நெட்டையண்ணனின் நிரந்தரம் பற்றிக் கேட்டார். நானும் கூட இருந்தேன். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். நல்ல ஆள்தான், உழைப்பாளிதான், ஆனால் உள்வேலை தெரியாதே என்றார். உள்வேலை என்றால் வீட்டுக்குள் போய்ப் பாத்திரம், கண்ணாடி, படங்கள் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டுவது. அது தெரியாதவனை எப்படி நிரந்தரமாக்குவது என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் வந்த மறுநாளே உள்வேலைக்குப் போனவன். எனக்கு முன்னால் வந்த நெட்டையண்ணன் இத்தனை நாளும் லாரிக்குள்ளேயே நின்று அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டு வாசற்படியைக்கூட அவர் மிதித்ததில்லை. தினமும் பார்த்த காட்சிதான், அது ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அண்ணி கேட்டார்.

முதலாளி குரலை இறக்கினார். "மூணு நாலு வீட்ல போன் பண்ணிச் சொன்னாங்கம்மா. அந்த மாதிரி ஆளை வீட்டுக்குள்ள விடாதீங்க, பயமா இருக்குன்னு. எனக்கு ஒண்ணும் கிடையாது. வர்றவங்க மனசு கோணாம நடக்கணுமில்ல?"

"அப்போ தண்ணியில இறங்கவே விடாம, நீச்சல் தெரியலைன்னு சொல்றீங்க" என்றார் அண்ணி.

முதலாளி ஸ்கூட்டர் சாவியைச் சுற்றிக்கொண்டே நின்றார். கடைசியில், மாசக் கடைசி வரைக்கும் உன் பொறுப்பில் உள்ளே விட்டுப் பார், ஒரு சாமான் உடைந்தாலும் அப்புறம் நிரந்தரம் அது இதென்று என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலிருந்து நெட்டையண்ணன் வீட்டுக்குள், நான் லாரிக்குள். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வாரம் முழுக்க அதேதான். மூடின லாரிக்குள் மத்தியானம் நின்றால் ரொட்டி வேகிற அடுப்புக்குள் நிற்கிற மாதிரி. வீட்டுக்காரர்கள் உள்ளே கொடுக்கிற பழரசம் வெளியே வந்து சேரும்போது டம்ளரில் பனிக்கட்டி மட்டும்தான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் வாய்விட்டேன். நியாயம் என்றால் எல்லோருக்கும் சமம்தானே, ஒரு நாள் அவர், ஒரு நாள் நான் என்று வைத்தால் என்ன, கொழுந்தன் என்றால் இளிச்சவாயனா என்று கேட்டேன். அண்ணன் கரண்டியோடு திரும்பி, வகுத்தால் பாதிப் பாதி வரும், கணக்கு சரிதான் என்றார்.

"உங்க கணக்கு பாடப்புத்தகத்துல சரி" என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ முதல் பந்தியில உக்காந்து மூக்கு முட்டச் சாப்பிட்டாச்சு. அவன் இத்தனை நாளும் வாசல்ல நின்னுட்டிருந்தான். இப்போ உனக்கு ஒரு கரண்டி, அவனுக்கு ஒரு கரண்டின்னு போட்டா அது சமமா? முதல்ல அவன் வயிறு நிறையட்டும். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே கரண்டி."

நான் பிடிவாதத்துக்காக, அவர் என்னைவிட நன்றாகக் கட்டுகிறாரா என்று கேட்டேன். இல்லையே, உன்னை மாதிரியே சுமார்தான் என்றார் அண்ணி. அண்ணன் சிரித்ததில் குழம்பு என் சட்டையில் தெறித்தது.

உண்மையில் நெட்டையண்ணன் சுமார்தான். ஒரு தட்டுக்கு நாலு தாள் சுற்றுவார், பச்சைக் குழந்தையைத் துணியில் பொதிகிற மாதிரி. பெட்டி சீக்கிரம் நிறைந்துவிடும், சாமான் மிச்சம் கிடக்கும். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, அழுத்தம் எங்கே, இடைவெளி எங்கே என்று சொல்லிக்கொடுத்தார். என்னிடம் எப்படியோ அப்படியேதான், அதே திட்டு, அதே கேலி. "ஏம்ப்பா, இது தட்டா, கல்யாணப் பொண்ணா?" என்று கேட்டால் அவர் வெண்பல் தெரியச் சிரிப்பார். ஒரு வீடு முடிந்து இன்னொரு வீடு என்று போகப் போக நாலு தாள் இரண்டு தாளானது.

மாசக் கடைசியில் வந்தது பல் டாக்டரம்மாவின் வீடு. மாடியும் கீழுமாக ஏழு அறை. சாயங்காலத்துக்குள் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். நெட்டையண்ணன் தலை குனிந்து வாசலில் நுழைந்ததும் டாக்டரம்மா அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய பேச்செல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த உயரமான ஆள் மட்டும் வெளியே நிற்கட்டும், உள்ளே விலை உயர்ந்த சாமான் இருக்கிறது என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறக்கப்போனேன். அண்ணி என் காலை மிதித்தார். தலைவியின் பூட்ஸ் என்பதால் நன்றாகவே வலித்தது.

"அம்மா, நாங்க ஒரே குழு" என்றார் அண்ணி. குரலில் கோபமே இல்லை. "ஒரு கையைக் கழட்டி வாசல்ல வச்சுட்டு மத்த உடம்பு மட்டும் உள்ள வராது. வந்தா எல்லாரும் வர்றோம். இல்லைன்னா எல்லாரும் லாரியில உக்காந்திருக்கோம். நீங்க நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

சொன்னபடி லாரியின் பின்படியில் போய் வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணி எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். நெட்டையண்ணனுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. எழுந்து, அக்கா, நான் வெளியே நிற்கிறேன், எனக்குப் பழக்கம்தான் என்றார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, பழத்தைத் தின்னச் சொன்னார். அந்த 'பழக்கம்தான்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் பாதிப் பழத்தை மடியில் வைத்துவிட்டேன்.

டாக்டரம்மா முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி ஸ்கூட்டரில் பறந்து வந்தார். அண்ணியிடம் கெஞ்சினார், டாக்டரம்மாவிடம் குழைந்தார், எதற்கும் அண்ணி அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஏழு அறையும் அப்படியே கிடந்தது. கடைசியில், நான் கூடவே நின்று பார்ப்பேன் என்று டாக்டரம்மா இறங்கி வந்தார். நானும் நிற்கிறேன் என்றார் முதலாளி.

சமையலறை அலமாரியில் ஒரு தேநீர்க் கோப்பைச் செட். மெல்லிய பீங்கான், ஓரத்தில் நீலக் கோடு. நெட்டையண்ணன் தரையில் மண்டி போட்டுக் கட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கம் டாக்டரம்மா, மறு பக்கம் முதலாளி. இரண்டு பேரும் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர் அறையில் புத்தகம் கட்டிக்கொண்டிருந்த எனக்கே முதுகு வியர்த்தது. ஐந்தாவதோ ஆறாவதோ கோப்பை. கை நடுங்கியது. கோப்பை தரையில் விழுந்து இரண்டாகப் போனது, அதன் காது தனியாக உருண்டு என் காலருகே வந்து நின்றது.

நெட்டையண்ணன் எழுந்திருக்கவில்லை. அவர் கை தன்னால் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தது. அதில்தான் குழந்தையின் படம் இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"சொன்னேன் பாத்தியா?" என்றார் முதலாளி. "இந்த ஆளுங்க கையே இப்படித்தான்."

அண்ணி குனிந்து அந்தக் காதை எடுத்தார். ஒரு நிமிஷம் வாங்க முதலாளி என்றார். நீங்களும் வாங்கம்மா என்று டாக்டரம்மாவையும் கூப்பிட்டார். இருவரையும் லாரிக்கு நடத்திக்கொண்டு போனார், நானும் பின்னால் ஓடினேன். அண்ணி முன்கதவைத் திறந்து கயிற்றைக் காட்டினார்.

"இது கெண்டி மூக்கு, நான் உடைச்சது. இது கண்ணாடி, இதோ நிக்கிறானே, என் கொழுந்தன் உடைச்சது. அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? நம்ம பையன், போகப் போகக் கத்துக்குவான்னு சொன்னீங்க. இந்தப் பூச்சாடி விளிம்பு யாருது?"

அது முதலாளியுடையது. முதலாளி ஆவதற்கு முன்னால், சாமான் தூக்குகிற பையனாக இருந்தபோது அவர் உடைத்தது.

"இவ்வளவு பேர் உடைச்சிருக்கோம். நாம உடைச்சா ஒரு கை உடைச்சுது. அவன் உடைச்சா மட்டும் அவன் நாடே உடைச்சதா ஆயிடுமா? ரெண்டு பேர் போலீஸ் மாதிரி நின்னு முறைச்சா எந்தக் கைதான் நடுங்காது? தப்புப் பண்ணிக் கத்துக்கற பாக்கியம் நமக்கு இருந்துச்சு. அவனுக்கும் அது வேணும்."

அப்போது ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. டாக்டரம்மா சிரிக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "நான் படிச்சு முடிச்சு முதல்முதல்ல ஒருத்தருக்குப் பல் புடுங்கினேன்" என்றார். "வலிக்காத பல்லைப் புடுங்கிட்டேன். எங்க பெரிய டாக்டர் இன்னிக்கு நான் நின்ன மாதிரியே பக்கத்துல நின்னு முறைச்சுட்டு இருந்தாரு. பாவம், அந்த மனுஷன் மறுவாரம் வந்து இன்னொரு பல்லையும் என்கிட்டயே குடுத்தாரு."

அண்ணி சிரித்தார், நான் சிரித்தேன். அன்றிலிருந்து பல் வலித்தால் கிராம்பு வைத்துக்கொள்கிறேனே தவிர, டாக்டர் பக்கம் நான் போவதில்லை. டாக்டரம்மா சமையலறைக்குத் திரும்பிப் போய் நெட்டையண்ணனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு டாக்டரம்மா மாடிக்குப் போய்விட்டார், மிச்சக் கோப்பைகளை யாரும் முறைக்காமல் நெட்டையண்ணன் கட்டி முடித்தார். புது வீட்டில் பிரித்தபோது அத்தனையும் முழுசாக இருந்தன. மறுநாள் டாக்டரம்மா கரண்டிகளை எண்ணிப் பார்த்தாரா இல்லையா என்பது அவருக்கும் கரண்டிகளுக்கும்தான் தெரியும்.

முதலாளி மட்டும் லாரியிலேயே வெகுநேரம் நின்றார். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அண்ணி அந்தக் காதை அவர் உள்ளங்கையில் வைத்தார். குழுவில் மூத்த கை அவருடையதுதானே. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கயிறு சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போட்டார். தன்னுடைய பூச்சாடி விளிம்புக்குப் பக்கத்திலேயே போட்டார். பிறகு நெட்டையண்ணன் பக்கம் பார்க்காமலேயே, "டீ வாங்கித் தரணும், தெரியுமில்ல?" என்றார். போகிற வழியில், அண்ணி லாரியில் பேசியதை நெட்டையண்ணனுக்கு அப்படியே சொன்னேன். டீக்கடையில் அவர் எல்லோருக்கும் மெல்ல இறக்கச் சொன்னார்.

அதற்காக முதலாளி ஒரே நாளில் மகானாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நிரந்தரக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் எவனாவது போன் பண்ணினால் நான் என்ன சொல்வது என்று அண்ணியிடமே வந்து புலம்பினார். அண்ணி சொல்லிக்கொடுத்தார். அதன்படி, குழுவில் யார் உள்ளே வருவார்கள் என்பதைக் கம்பெனி முடிவு செய்யும், பிடிக்காவிட்டால் வேறு கம்பெனி பாருங்கள் என்று இப்போது அவரே போனில் சொல்கிறார். அப்படி ஒரு பெரிய வீடு கைநழுவிப் போனது. அதைப் பற்றி இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறார், ஆனால் சொல்வதை நிறுத்தவில்லை. எங்கள் குழுவில் லாரிவேலையும் உள்வேலையும் இப்போது வாராவாரம் மாறும், அண்ணிக்கும் சேர்த்துத்தான்.

நெட்டையண்ணனின் மனைவியும் மகளும் வந்து இறங்கியது ஒரு விடுமுறை நாளில். அவர் தங்கியிருந்த ஒற்றை அறையிலிருந்து இரண்டு அறை வீட்டுக்கு நாங்கள்தான் சாமான் மாற்றினோம். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய லாரியின் வயிற்றில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. அண்ணன்கூட ஒரு பெரிய அடுக்குப் பாத்திரம் நிறையச் சாப்பாட்டோடு வந்திருந்தார். குழந்தை அண்ணியின் தலையணைமேல் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். நெட்டையண்ணன் கோப்பைக் காதைத் தொட்டுக் காட்டினார். அவள் அதைச் சுண்டிவிட்டாள், அது பூச்சாடி விளிம்பில் மோதிக் கிணுகிணுத்தது. வழி முழுக்கச் சுண்டிக்கொண்டே வந்தாள், அண்ணி விசிலில் தாளம் போட்டார்.

அந்தச் சாமான்களில் ஒரே கண்ணாடிச் சாமான், மனைவிக்காக நெட்டையண்ணன் ஆசையாக வாங்கி வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடி. அதை நானே தூக்கி வருகிறேன் என்று வீம்பாக எடுத்தேன். மாடிப்படி குறுகல். நான் திரும்பினேன்.

உங்களுக்கே தெரியும்.

சத்தம் அடங்கியதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நெட்டையண்ணன் மேல்படியிலிருந்து இறங்கி வந்தார். சில்லுகளைத் தாண்டி என் பக்கத்தில் நின்று, அந்த நீளமான கையை என் தோளில் போட்டார்.

"விடு தம்பி. ஒரு கைதான் உடைச்சுது" என்றார். "உன் நாடு உடைக்கலை."

அவர் மகள் அதற்குள் ஒரு சில்லைக் காட்டி, இதை எப்போது கயிற்றில் கட்டுவோம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், நெட்டையண்ணன்தான் எனக்குத் தமிழில் சொன்னார். அன்று டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.